புகை போகும் வழி

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு தூசியையும் புகையையும் பற்றியது. ஆலைக்குள் தொழிலாளரின் உடலுக்குத் தீங்கு செய்யும் புகை எழுந்தால் அது அறையில் சேராமலும் மூச்சில் போகாமலும் தடுக்க வேண்டும் என்றது. உறிஞ்சி வெளியேற்றும் கருவி தேவைப்பட்டால், புகை எழும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக அதை வைக்கச் சொன்னது. இரண்டாம் உட்பிரிவு இன்னும் கறாராக இருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டும் எஞ்சினின் புகை திறந்த வெளிக்குக் கொண்டுபோகப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் அதை ஓட்டவே கூடாது என்றது.

இந்தச் சட்டம் வந்த அதே ஆண்டில் நம் நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் நாள்தோறும் பல மணி நேரம், புகை வெளியேறச் சரியான வழியில்லாத ஓர் அறையில், விறகையும் வறட்டியையும் எரித்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த அறைக்குள் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே நடப்பதை உழைப்பு என்று எண்ணும் பழக்கம் இருக்கவில்லை என்பதால், அங்கே எழும் புகையும் தொழில்சார்ந்த தீங்காக எண்ணப்படவில்லை. எஞ்சினுக்குக் கிடைத்த பாதுகாப்பு அடுப்பின் முன்னால் குந்தியிருந்தவளுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், மாத்தூர், ஒரகடம், வல்லம் என்று நீளும் தொழிற்பேட்டைப் பகுதியில் பெண் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் அறைகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வாடகை என்ன, எத்தனை பேர், தண்ணீர் எப்போது வரும் என்று வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இப்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்: இந்த அறையில் ஏதாவது எரிகிறதா? எரிந்தால் அதன் புகை எந்த வழியாக வெளியே போகிறது? மிகச் சிறிய கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஊதுகுழலும் காலதரும்

சன்னலுக்குத் தமிழில் காலதர் என்றொரு பழைய பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றின் வழி என்று பெயர் வைக்கத் தெரிந்த மொழி நம்முடையது. ஆனால் மாடத்துக்கும் படுக்கையறைக்கும் வாய்த்த காலதர் அடுக்களைக்கு வாய்க்கவில்லை. சங்கப் பாடல்களில் அடுக்களைப் புகை வருமிடத்தை எண்ணிப் பாருங்கள். கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167-ஆம் பாடலில் புதுமணப் பெண் ஒருத்தி தயிர் பிசைந்த கையோடு, கலைந்த ஆடையோடு, தாளிப்புப் புகை கண்ணில் நிறையப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மலர்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாகப் படித்தோம். பாடல் அழகானதுதான். ஆனால் அந்தப் புகை அவள் கண்ணில் ஏன் நின்றது என்று எந்த உரையாசிரியரும் கேட்டதில்லை. புகையால் சிவந்த கண் அவளுடைய அன்பின் அடையாளமாகிவிட்டது. வீட்டின் குறையாக அதை யாரும் பார்க்கவில்லை.

“அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு” என்ற பழமொழியைப் பெண் கல்விக்கு எதிரான பேச்சாக நாம் பல மேடைகளில் மேற்கோள் காட்டிவிட்டோம். அதில் ‘ஊதும்’ என்ற சொல்லைக் கவனித்தவர்கள் குறைவு. சமைக்கும் பெண்கள் என்று அது சொல்லவில்லை. காற்றோட்டம் இல்லாத அடுப்பு தானாக எரியாது. யாராவது குனிந்து ஊத வேண்டும். ஊதுகுழலை எடுத்து ஊதுகிறவள் ஒவ்வொரு மூச்சுக்கும் பதில் மூச்சாகப் புகையை இழுக்கிறாள். புகைபோக்கி செய்ய வேண்டிய வேலையைத்தான் அவளுடைய நுரையீரல் செய்துகொண்டிருந்தது. பழமொழி தன்னை அறியாமலே ஒரு கட்டடக் குறையைப் பதிவு செய்துவைத்திருக்கிறது.

வெந்நீரின் கதை கொஞ்சம் வேறு. காஞ்சிபுரத்தில் என் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு தாமிர பாய்லர் இருந்தது. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய், அதற்குள் கரியும் கொட்டாங்கச்சியும் எரியும், சுற்றிலும் தண்ணீர். அடியில் சாம்பல் விழும் தட்டு, பக்கத்தில் பித்தளைக் குழாய். சூடான புகை நடுக்குழாய் வழியே மேலே எழும். எழும்போதே கீழிருந்து புதுக் காற்றை இழுக்கும். அதனால் அதை ஊத வேண்டியதில்லை. கொல்லையில் இருந்ததால் புகை வானத்துக்குப் போனது. ஒரு நல்ல கொதிகலனுக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன: காற்று உள்ளே வர வழி, புகை மேலே போக வழி, மனிதர்கள் படுக்கும் இடத்திலிருந்து தூரம். அதைப் பாட்டி விடிகாலையில் மூட்டினாள் என்பதும், முதல் வெந்நீர் தாத்தாவுக்குப் போனது என்பதும், தான் குளிக்கும்போது பெரும்பாலும் கரி அணைந்திருந்தது என்பதும் அந்தக் கருவியின் வரலாற்றில் சேர்த்தி.

கொல்லை உள்ள வீடுகள் மறைந்தபோது பாய்லர் பழைய பாத்திரக் கடைக்குப் போயிற்று. வெந்நீரின் நெருப்பு சுவருக்கு உள்ளே வந்தது. அதோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய புகைக்குழாய் மட்டும் வரவில்லை.

பொறியாளர்கள் கட்டிய புகைபோக்கி

வீட்டின் காற்றைப் பெண்களின் அறிவுத்துறையாக முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்கரான கேத்தரின் பீச்சர். தன் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 1869-இல் அவர் வெளியிட்ட ‘தி அமெரிக்கன் வுமன்ஸ் ஹோம்’ நூலில் காற்றோட்டத்துக்கென்றே ஓர் இயல் உண்டு. அடுப்புகளையும் புகைபோக்கிகளையும் எப்படிக் கட்டிப் பராமரிப்பது என்பதற்கு இன்னோர் இயல். கேத்தரின் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று வாதிட்டவர். பெண்ணின் இடம் வீடுதான் என்று நம்பியவர். அந்த வீட்டுக்குள் மூச்சு முட்டக் கூடாது என்பதையாவது அவர் உறுதியாகச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே இரு என்று நமக்குச் சொன்னவர்கள் அந்த அளவுகூட யோசிக்கவில்லை.

இந்தியாவில் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். ‘ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் த மில்லியன்ஸ்’ என்ற அவருடைய சிறு நூல் 1953-இல் சென்னையில் வெளியானது. மண்ணால் ஆன அடுப்பு, வரிசையாகப் பானைகளுக்கு வாய், அவற்றை இணைக்கும் சுரங்கம், கடைசியில் கூரைக்கு மேலே எழும் குழாய். நெருப்பு பானைகளைச் சூடாக்கிக்கொண்டே நகர்ந்து புகையாகக் கூரைக்கு வெளியே போய்விடும். கருத்து எளியது, செலவும் அதிகமில்லை.

1980களில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002 வரை நடந்த அத்திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. கட்டப்பட்டவற்றில் ஏராளமானவை சில ஆண்டுகளில் இடிந்தன அல்லது கைவிடப்பட்டன. பின்னர் ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களிடம் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா ஆகிய மூவரும் நடத்திய ஆய்வு 2012-இல் வந்தது. புகைபோக்கி வைத்த அடுப்புகள் முதல் ஆண்டு புகையைக் குறைத்தன. போகப் போக அந்தப் பலன் கரைந்துவிட்டது. அடுப்பு ஒழுங்காகப் பயன்படுத்தப்படவில்லை, பழுதும் பார்க்கப்படவில்லை.

இதைப் படித்தவர்கள் பலர் ‘பெண்களுக்கு அதன் அருமை தெரியவில்லை’ என்று முடித்துக்கொண்டார்கள். நான் வேறு கேள்வி கேட்கிறேன். கரி படிந்த குழாயைத் தட்டிச் சுத்தம் செய்யக் கூரை மேல் ஏற வேண்டும். நம் ஊர்களில் கூரை மேல் ஏறுவது ஆணின் வேலை. சமைப்பது பெண்ணின் வேலை. புகைபோக்கி அந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே நின்றது. அதனால் யாருடைய வேலையாகவும் ஆகவில்லை. விரிசல் விட்ட மண்ணைப் பூசுவதற்கு அவளுக்கு நாளில் இன்னும் அரை மணி நேரம் தேவைப்பட்டது. அந்த அரை மணி நேரத்தைத் திட்டத்தில் யாரும் ஒதுக்கவில்லை. உயிர் காக்கும் எந்தக் கருவிக்கும் பராமரிப்பு என்றொரு இரண்டாம் பாதி உண்டு. அது பெண்ணின் கணக்கில் வராத நேரத்தில் நடந்துவிடும் என்று எண்ணித்தான் நம் திட்டங்கள் தீட்டப்படுகின்றன.

சிலிண்டர் வந்த பிறகு

பர்மா ஷெல் நிறுவனத்தின் பர்ஷேன் வாயு 1955-இல் பம்பாயில் விற்பனைக்கு வந்தது, இண்டேன் 1965-இல். பல பத்தாண்டுகள் அது நடுத்தர வர்க்கத்தின் வசதியாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் வாக்களிக்கப்பட்டு 2007-இலிருந்து ஏழைக் குடும்பப் பெண்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கப்பட்டது. மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது.

சிலிண்டர் வருவதற்கு அறிவியல் சான்றும் துணை நின்றது. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே சிறு மாதிரிக் கருவிகளைப் பொருத்தி, அவர்கள் உண்மையில் என்ன சுவாசிக்கிறார்கள் என்று அளந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவர் போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன். ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறவர்கள் பலரும் கடந்து செல்லும் போரூரிலிருந்துதான் தென்னிந்தியக் கிராமப் பெண்களின் அடுக்களைப் புகை முறையாகக் கணக்கெடுக்கப்பட்டது. பாட்டிமார்களின் இருமலுக்கு எண்கள் கிடைத்தன.

எண்கள் எப்போதும் நாம் விரும்பியதைச் சொல்வதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில் 3,200 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த புகைத்துகள் வெகுவாகக் குறைந்தது. பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதைச் சுட்டிக்காட்டி எரிவாயுவே வீண் என்று பேசுகிறவர்கள் உண்டு. புகையில்லாத அறையில் சமைப்பதற்கு ஒரு பெண் தன் குழந்தையின் எடையைச் சான்றாகக் காட்ட வேண்டியதில்லை. அவளுக்குத் தன் கண்ணும் மூச்சுமே போதுமான காரணங்கள்.

ஆனால் எரிவாயு இன்னொன்றையும் செய்தது. புகையைக் கண்ணுக்குத் தெரியாததாக்கியது. விறகுப் புகை கரித்தது, கண்ணில் நீர் வரவழைத்தது, சுவரைக் கறுப்பாக்கியது; அது தன்னை ஒளித்துக்கொள்ளவில்லை. நீலச் சுடரைப் பார்த்ததும் இனிப் புகையே இல்லை என்று நம்பிவிட்டோம். கட்டுகிறவர்களும் அப்படியே நம்பினார்கள். புகைபோக்கி இல்லாத வீடு நவீன வீடாயிற்று.

குளியலறைச் சுடர்

எரிவதெல்லாம் காற்றைத் தின்னும். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுமையாக எரியச் சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். நாலடிக்கு ஆறடி, எட்டடி உயரக் குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் மொத்தக் காற்றே ஐந்தரைக் கன மீட்டருக்கும் குறைவு. அரைக் கிலோ எரிவாயுவுக்குக்கூடப் போதாது. சமையலறை அடுப்பின் ஒரு பர்னரைவிடப் பல மடங்கு வேகத்தில் வாயுவை எரிப்பது கேஸ் கீசர். கதவு சாத்தி, வென்டிலேட்டர் அடைத்து, ஒருவர் நின்று தலைகுளிக்கும் நேரத்தில், காற்று முழுவதும் தீருவதற்கு வெகு முன்பே சுடர் தடுமாறத் தொடங்கும். எரிதல் அரைகுறையாகும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும்.

அதற்கு நிறமில்லை, மணமில்லை. ‘கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடு’ என்று ஒவ்வொரு தாயும் மகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறாள். அந்த வாடை கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே சேர்க்கப்படுவது. சுடரில் அது எரிந்துபோய்விடும். எனவே நம் மூக்குக்குக் கொடுத்த பயிற்சி இங்கே உதவாது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, பிறகு கால் ஓய்ந்துவிடும். ஆபத்து என்று புரியும்போது கதவின் தாழ்ப்பாளை எட்டக் கை எழாது.

இந்திய மருத்துவ இதழ்களில் ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்றே ஒரு பெயர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. குளியலறையில் மயங்கி விழுந்தவர்களை வலிப்பு நோயாளிகள் என்று கருதி மருந்து கொடுத்துவந்து, பிறகு வீட்டுக் கீசரைப் பற்றி விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்த நிகழ்வுகளை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெண் மயங்கி விழுந்தால் நம் வீடுகளில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ரத்தசோகை, மாதவிடாய், சாப்பிடாமல் இருந்தது, ‘ஏதாவது விசேஷமா’ என்ற கேள்வி, சில ஊர்களில் காத்து கருப்பு. அறையைப் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. அவளுடைய உடலைச் சந்தேகிப்பது சுவரைச் சந்தேகிப்பதைவிட நமக்குச் சுலபம்.

தீர்வு ஒன்றும் புதிரானதல்ல. எரியும் கருவி குளியலறைக்கு வெளியே, காற்று நடமாடும் இடத்தில் இருக்க வேண்டும். வெந்நீர் மட்டும் குழாயில் உள்ளே வந்தால் போதும். உள்ளறையில் வைத்தே ஆக வேண்டுமென்றால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே விடும் மூடிய அமைப்புள்ள கருவிதான் வேண்டும். புகைக்குழாய் மேல்நோக்கிச் சென்று திறந்த வெளியில் முடிய வேண்டும்; படிக்கட்டிலோ அடுத்த அறைச் சன்னலருகிலோ முடியக் கூடாது. சுவரில் இரண்டு திறப்புகள் தேவை. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதற்குக் கீழே ஒன்று. சூடான புகை மேலே எழும்; அதற்கு மேலே ஒன்று. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். புதுக் காற்று வர வழியில்லாத அறையில் ஃபேன் ஓடினால், அது புகைக்குழாய் வழியாகப் போக வேண்டிய புகையையே திரும்ப அறைக்குள் இழுத்துவிடும்.

சிப்காட்டின் அறைகள்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா வந்தது. அதோடு ஆயிரக்கணக்கில் இளம் பெண்கள் வந்தார்கள். அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் வாகன ஆலைகளும் சுங்குவார்சத்திரத்தில் மின்னணு ஆலைகளும் வளர்ந்தன. பெண்களை இரவு வேலைக்கு அமர்த்துவதற்குத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு தடையாக இருந்தது: காலை 6 முதல் மாலை 7 வரைதான். சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் அந்தத் தடையை நீக்கி, பாதுகாப்பு நிபந்தனைகளுடன் இரவுப் பணிக்கு வழிவிட்டது. சமத்துவத்தின் பேரில் வந்த தீர்ப்பு அது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் நிபந்தனைகள் ஆலை வாசலோடும் போக்குவரத்தோடும் நின்றுவிட்டன. விடிகாலை ஷிப்டுக்கு 4 மணிக்கு எழுந்து, மார்கழிக் குளிரில் சன்னல் சாத்திய அறையில் ஆறு பேர் அடுத்தடுத்துக் குளித்துக் கிளம்ப வேண்டிய வாழ்க்கையை அவை தொடவில்லை.

ஆலைக்குள்ளும் காற்று எப்போதும் பத்திரமாக இருக்கவில்லை. 2010 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் 200-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மயக்கமும் வாந்தியுமாக மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். பூச்சிமருந்து தெளித்ததே காரணம் என்று கூறப்பட்டது. ஆலை என்பதால் அது செய்தியாயிற்று, விசாரணையும் கேள்வியும் எழுந்தன. தங்குமிடம் செய்தியாவதற்கு 2021 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதி உணவால் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போன பிறகு, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். பெண்கள் நெரிசலாகத் தரையில் படுத்ததும் கழிப்பறைகளில் தண்ணீர் இல்லாததும் அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தன. சில வாரங்கள் ஆலையே நின்றது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு 706.5 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. சாலையில் உட்கார்ந்த பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்றுதான் நான் எழுதுவேன்.

அந்தக் கட்டடங்களுக்கு வெளியே, வயல்களில் முளைத்த மூன்று மாடி வாடகைக் கட்டடங்களில் இன்னும் ஏராளமானோர் இருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பெண்களும். எல்லா அறைகளிலும் கேஸ் கீசர் இல்லை. பெரும்பாலும் பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பிதான்; அதற்கு மின்சாரம் தாக்கும் ஆபத்து தனி. ஆனால் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததே விலை என்றாகும்போது, கம்பியைவிடக் கேஸ் மலிவு என்று கணக்குப் போடுகிறார்கள். நான் பார்த்த ஒரு கட்டடத்தில் மாடிக்கு ஒரு கீசர் குளியலறைச் சுவரிலேயே மாட்டியிருந்தது. புகைக்குழாய் இல்லை. கீழே சிலிண்டர். மேலே இருந்த ஒரே வென்டிலேட்டரில் அட்டையைத் திணித்துச் செலோடேப் ஒட்டியிருந்தார்கள்.

“ஏம்மா அடைச்சு வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“பக்கத்து மாடியிலேருந்து போன்ல எடுக்கிறானுங்க அக்கா. போன மாசம் ஒருத்தனைப் பிடிச்சோம். வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னா, நீங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்னாங்க” என்றாள் ஒரு பெண். ஜாக்கிரதையாக இருந்ததன் விளைவுதான் அந்த அட்டை.

இந்த இடத்தில்தான் காற்றோட்டம் பெண்களின் அரசியலாகிறது. பாதுகாப்புக் கையேடுகள் ‘சன்னலைத் திறந்து வையுங்கள்’ என்கின்றன. திறந்த சன்னலை ஆண் திறப்பது ஒன்று, பெண் திறப்பது வேறொன்று. வெளியே இருப்பது வெறும் காற்று என்று அவளால் நினைக்க முடிவதில்லை. பார்வைக்கு அஞ்சி அடைத்த துளை மூச்சையும் அடைக்கிறது. இரண்டு ஆபத்துகளில் கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து அவள் தன்னைக் காத்துக்கொள்கிறாள். தெரியாதது உள்ளேயே இருக்கிறது. இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட தேர்வுகள் அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இதற்கு விடை ஒரு தச்சருக்குத் தெரியும். மேல்நோக்கிச் சாய்ந்த பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று படியும்படி சட்டத்தில் நிலையாகப் பொருத்திவிட்டால் காற்று போகும், பார்வை போகாது. மூடவோ கழற்றவோ முடியாதபடி அமைக்கலாம். நான் பார்த்த பெண்கள் எல்லோரும் இதைச் சொன்னதும் உடனே புரிந்துகொண்டார்கள். புரியாமல் போனது செலவு யாருடையது என்பது மட்டும்தான்.

யாருடைய பொறுப்பு

பிரிட்டனில் 1998-இல் நடைமுறைக்கு வந்த எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வாடகை வீட்டிலுள்ள எரிவாயுக் கருவியையும் புகைக்குழாயையும் ஆண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்ற பணியாளரைக் கொண்டு சோதித்து, அந்தச் சான்றைக் குடியிருப்பவரிடம் கொடுப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. குளிக்கிறவர் வேதியியல் கற்றிருக்க வேண்டும் என்று அந்த விதி எதிர்பார்க்கவில்லை. ஆபத்தை வாடகைக்கு விட்டவரிடம் பொறுப்பையும் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவும் உரிமமும் வேண்டும். ஆனால் விடுதிப் பாதுகாப்பு என்று நாம் பேசும்போது நம் மனத்தில் வருவது பூட்டிய கேட், காவலாளி, கேமரா, இரவு எத்தனை மணிக்குள் திரும்பினாள் என்ற வருகைப் பதிவேடு. பெண்ணை அடைத்து வைப்பதையே பாதுகாப்பு என்று நெடுங்காலமாகப் பழகிவிட்டோம். புகையைப் பொறுத்தவரை பாதுகாப்பு என்பது திறப்பு. வாடகை அறைகளோ விடுதி என்ற கணக்கிலேயே வராமல் தப்பிவிடுகின்றன.

ஆகவே கோரிக்கைகளை எளிய வார்த்தைகளில் எழுதிவைக்கிறேன். ஆலைக்குத் தொழிலாளரை அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஏற்பாடு செய்யும் ஒவ்வொரு அறையிலும், எரியும் கருவி இருந்தால் அதன் புகைக்குழாயை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். சோதித்த தேதி சுவரில் ஒட்டப்பட வேண்டும். குளியலறைக்குள் புகைக்குழாய் இல்லாத கீசர் இருக்கக் கூடாது. பார்வை போகாத, அடைக்க முடியாத திறப்பு ஒவ்வொரு குளியலறையிலும் வேண்டும். செலவு கட்டடத்தின் சொந்தக்காரருடையது. இவை நடக்கும்வரை தோழிகள் தங்களுக்குள் செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு: வெந்நீரை வாளியில் பிடித்துக் கீசரை அணைத்த பிறகே கதவைச் சாத்துவது, ஒருத்தி குளித்து முடித்ததும் கதவைச் சிறிது நேரம் திறந்து வைப்பது, உள்ளே போனவள் குரல் கொடுக்கவில்லையென்றால் காத்திருக்காமல் கதவை உடைப்பது, மயங்கியவளை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, மருத்துவமனையில் ‘கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்வது. அந்த ஒரு வாக்கியம் ஆக்சிஜன் சிகிச்சைக்கும் வலிப்பு மாத்திரைக்கும் இடையிலான வேறுபாடாக இருக்கலாம்.

அடுப்பூதிய பெண்களின் பேத்திகள் இன்று சில நொடிகளுக்கு ஒன்று என்று செல்போன் பலகைகளைச் சோதித்து அனுப்புகிறார்கள். அவர்கள் வேலை செய்யும் கூடத்தில் ஒரு சால்டரிங் முனையிலிருந்து எழும் மெல்லிய புகையை இழுக்க, கைக்கு அருகிலேயே ஓர் உறிஞ்சு குழல் இருக்கும். 14-ஆவது பிரிவு சொன்னபடி, புகை எழும் இடத்துக்கு நெருக்கமாக. ஷிப்டு முடிந்து பேருந்து அவர்களை இறக்கிவிடும் தெருவில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அது அறைவரை வர வேண்டும்.